ஒரு கதிரை கூடப் போடுங்கோ

எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது கதிரைகளைத்தான். யார் வந்திருக்கிறார்கள், சாப்பாடு எந்தப் பக்கம் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மண்டபத்து மூலையில் அடுக்கியிருக்கும் மடக்குக் கதிரைகளில் ஒன்றை இழுத்து விரித்து, நாலு பேர் கதைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் செருகுவார். "ஒரு கதிரை கூடப் போடுங்கோ, ஆள் வருது" என்பார். யார் வருகிறார் என்று சொல்லமாட்டார். கொஞ்ச நேரத்தில், அந்த நாலு பேரில் யாரோ ஒருவருடன் முகம் கொடுத்துப் பேசாத ஆளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து அதில் இருத்துவார். இருத்திவிட்டு அங்கே நிற்கமாட்டார். "தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று போய்விடுவார்.

அவரை நாங்கள் ஜேர்மன் அண்ணை என்று கூப்பிட்டோம். மெல்பேர்ணுக்கு வரமுதல் ஜேர்மனியில் கனகாலம் இருந்தவர் என்பதால் வந்த பெயர். நகரின் மேற்குக் கரையில், வெரிபீயில், எங்கள் வீட்டின் பின்னறை அப்போது சும்மா கிடந்தது. ஒரு சூட்கேஸும் ஒரு முருகன் படமும் கொண்டுவந்து இறக்கினார். "மற்றச் சாமான் பிறகு வருமோ அண்ணை?" என்று கேட்டேன். "இவ்வளவுதான் தங்கச்சி. முருகனும் பாரமில்லை, நானும் பாரமில்லை" என்றார். கலியாணம் செய்யவில்லை. பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோய்ப் போடுவதுதான் வேலை. அதற்கென்று ஒரு வெள்ளை வான். அந்த வானிலிருந்து இறங்கி அவர் பின்னறைக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால், உள்ளே அவரை வா என்று சொல்ல ஒரு குரலும் இல்லையே என்று எனக்கு ஒவ்வொரு நாளும் தோன்றும். விளக்கேற்றும்போது எங்கள் வீட்டாரோடு அவரையும் சேர்த்துக் கும்பிடுவேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. உலகப் போர் இரண்டு நடந்தது, இரண்டிலும் ஜேர்மன்காரன் தோற்றான், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சனம் என்ன செய்தது என்று நான் யோசித்ததே இல்லை. அவர் யோசித்ததெல்லாம் அந்த நடுவைத்தான்.

அகதியாகப் போய் இறங்கிய சின்னப் பட்டினத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே அவருக்கும் அவர் தம்பிக்கும் அறை கொடுத்த வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாவாம். முதல் போர் முடிந்தபோது அவ சின்னப் பிள்ளை. தகப்பனும் அதே இடத்தில் பாண் சுட்டவர். இவருக்கு அவ பாஷை பழக்கினது முழுக்கத் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லித்தான்.

"எல்லாரும் விழுந்த கதையைத்தான் சொல்லுவினம் தங்கச்சி" என்பார். "காசைத் தள்ளுவண்டியில கொண்டுபோய்ப் பாண் வாங்கின கதை. அது ஊர் உலகத்துக்கே தெரியும். அடுத்த வருசம் என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"என்ன நடந்தது அண்ணை?"

"எழும்பினவங்கள்."

அதைச் சொல்லும்போது, தானே எழும்பினது போல நிமிர்ந்து இருப்பார். பழைய காசைச் செல்லாது என்று சொல்லிப் புதுக் காசு கொண்டுவந்தார்களாம். நாட்டின் நிலத்தையும் தொழிற்சாலைகளையும் ஈடு வைத்த காசு என்று சொன்னார்களாம். "நிலத்தை ஆர் வெட்டிக் கொண்டுபோறது? ஆனா சனம் நம்பிச்சுது. நம்பினபடியா அது காசாச்சு. அதுவரைக்கும் காலமை ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. புதுக் காசு வந்தாப் பிறகு ஒரு நாள், காலமை பலகையில சோக்கால எழுதின விலை பின்னேரமும் அப்பிடியே கிடந்ததாம். அவவின்ர தேப்பன் அந்தப் பலகையைப் பாத்துக்கொண்டு நிண்டு அழுதவராம்."

அமெரிக்காக்காரன் கடன் கொடுத்ததும், நின்றுபோன யந்திரங்கள் ஓடியதும், தெருவுக்கு வெளிச்சம் வந்ததும் வேறு கதைகள். அவருக்கு மிகவும் பிடித்தது கப்பல் கதைதான். எங்கள் வீட்டில் அதைக் கேட்காதவர் இல்லை.

"சுவிஸில ஏரிக்கரையில ஒரு ஊர். லொகார்னோ எண்டு பேர். போரில ஆளை ஆள் கொன்ற நாட்டுக்காரர் அங்க கூடினவை. நாள்கணக்காக் கதைச்சும் ஒத்துவரேல்லை. அப்ப ஒரு நாள், இங்கிலாந்து மந்திரியின்ர மனிசிக்குப் பிறந்தநாள், வாங்கோ ஏரியில ஒரு சுத்துச் சுத்துவம் எண்டு சொல்லி எல்லாரையும் ஒரு சின்னக் கப்பலில ஏத்தினது. நடுத்தண்ணி! கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு எங்க போறது? கப்பல் கரைக்கு வரேக்க முக்கால்வாசிப் பிரச்சினை முடிஞ்சுது."

"அடுத்த வருசம்" என்று குரலை இறக்குவார், "உலக நாடுகளின்ர சபையில ஜேர்மன்காரனுக்கும் ஒரு கதிரை போட்டாங்கள். பழிகாரன் எண்டு வெளியில நிப்பாட்டி வைச்சவனை, வா, இரு எண்டாங்கள். காசு வயித்தைத்தான் நிரப்பிச்சு தங்கச்சி. தலையை நிமித்தினது கதிரை."

அவருடைய கப்பல் அந்த வெள்ளை வான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாண் தட்டுகளைக் கழற்றிவிட்டு ஆசனங்களைப் பூட்டி, கார் இல்லாதவர்களைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப்போவார். மெல்பேர்ணின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டம். யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். கோவித்துக்கொண்டு இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த வானுக்குள்தான் கதைக்கத் தொடங்கினார்கள். அதில் நானும் ஒருத்தி.

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், பக்கத்து ஊரில்தான் இருந்தா. என் மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டில் முதல் ஆலாத்தி எடுக்க வேண்டியவ அவதான். தகப்பனின் கூடப்பிறந்த மாமிக்கு உள்ள உரிமை அது. அன்று அவ வரப் பிந்திவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று எல்லாரும் நெருக்க, நான் பக்கத்தில் நின்ற என் அண்ணியை எடுக்கச் சொல்லிவிட்டேன். விளக்கைச் சுற்றிக்கொண்டிருக்க மச்சாள் வாசலில் வந்து நின்றா. கையில் பூத்தட்டு. தட்டை நிலத்தில் வைத்துவிட்டுத் தண்ணிகூடக் குடிக்காமல் போனவதான். வருஷக்கணக்காகப் பேச்சில்லை.

ஒரு ஞாயிறு அண்ணை என்னை வானில் ஏற்றினார். நேரே போகாமல் மச்சாள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவ கதவைத் திறந்தா, என்னைக் கண்டா.

"உதில நான் ஏறமாட்டன்."

"அப்ப சாமியிட்ட நான் என்னெண்டு சொல்லுறது? மச்சாள் இருந்தபடியா வரேல்லை எண்டோ?"

ஏறினா. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா. வெஸ்ட் கேட் பாலம் ஏறும்போது அவர் பொதுவாகச் சொன்னார்: "பாலத்தில வான் நிப்பாட்டேலாது, பொலிஸ் பிடிக்கும். கோவத்தில இறங்கிறாக்கள் மற்றப் பக்கம் போய்த்தான் இறங்கலாம்." நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கோபுரம் தெரிந்தது. அவர் கோயில் வாசலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனார்.

"அண்ணை, கோயில் அங்க கிடக்கு" என்றேன்.

"தெரியும் தங்கச்சி. கப்பல் இன்னும் கரைக்கு வரேல்லை."

மூன்றாம் முறை தாண்டியபோது மச்சாள் பொறுக்கமாட்டாமல் என் பக்கம் திரும்பினா. "பூசை முடியப்போகுது! உம்மட வீட்டு ஆள்தானே, ஒருக்காச் சொல்லுமன்!"

"சொன்னாக் கேக்கிற ஆளே மச்சாள்?"

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. அந்த நிமிஷமே வான் தரிப்பிடத்துக்குள் திரும்பியது. இறங்கும்போது அவர் சொன்னார், "உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. சிவனும் விஷ்ணுவும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கினம். உங்களுக்கு என்ன வந்தது?" சந்நிதியில் நிற்கும்போது மச்சாள் மெதுவாகச் சொன்னா: "அவ்வளவு தூரம் டண்டினோங்குக்குப் போய் அந்தப் பூ எடுத்தனான். வாடக் கூடாது எண்டு மடியில வைச்சுக்கொண்டு வந்தனான். அதுதான் பிந்தினது." நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் மறைத்ததில் தீபாராதனை தெரியவில்லை.

இப்படி ஊர் முழுக்கச் சேர்த்துவைத்தவர். ஆனால் பொங்கலன்றும் தீபாவளியன்றும் எங்களோடு கும்பிட்டுவிட்டு, பின்னறைக்குப் போய் ஒரு இலக்கத்துக்கு ஃபோன் எடுப்பார். யன்னலால் தெரியும். காதில் வைப்பார், ஒன்றும் பேசமாட்டார், கொஞ்ச நேரத்தில் வைத்துவிடுவார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மகள்தான் ஒரு நாள் அறியாமல் கிளறிவிட்டாள். அப்போது பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் அண்ணை கதிரைக் கதையை முடிக்க, அவள் சிரித்துக்கொண்டு, "அங்கிள், யூ ஓல்வேஸ் ஸ்டொப் தேர்! பிறகு மீசைக்காரன் வந்ததைச் சொல்லவே மாட்டீங்கள்" என்றாள்.

அவர் கை சோற்றில் நின்றது.

"ஓம் பிள்ளை, வந்தவன்தான். சமாதானம் செய்த ஜேர்மன் மந்திரி செத்துப்போனார். அதே மாசம் அமெரிக்காவில சந்தை விழுந்துது. குடுத்த கடனைத் திருப்பிக் கேட்டினம். எல்லாம் சரிஞ்சுது. பிறகு அவன் செய்த அநியாயத்தை நான் மறைக்கேல்லை. அது தெரியாத சனம் இல்லை. அதுக்காக, நடுவில அந்த வீட்டில பாண் சுட்டுச் சந்தோசமாச் சாப்பிட்டது பொய்யே?"

"நோ அங்கிள், ஐ வோஸ் ஜஸ்ட்..." என்று அவள் தடுமாறினாள். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. எங்கள் வீட்டில் அவர் கோவித்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

மிச்சச் சாப்பாட்டைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். கட்டிலில் இருந்தார். கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

அந்தப் பேக்கரி வீட்டில் தம்பியோடு இருக்கும்போதுதான் ஊரில் அவர்களுடைய தாய் செத்தது. செய்தி அண்ணையின் காதுக்குத்தான் வந்தது. தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைக்குட்டியின் உரிமை. தம்பிக்குச் சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடுவான். போனால் அகதி விண்ணப்பம் போச்சு, ஊரில் ஆமியும் பிடிக்கும். அதனால் சொல்லவில்லை. யாரோ ஒரு ஒன்றுவிட்ட தமையன் கொள்ளி வைத்து, சாம்பல் அள்ளிக் காடாற்றும் முடிந்த பிறகுதான் சொன்னார்.

"அவன் அடிச்சிருந்தா நான் தாங்கியிருப்பன் தங்கச்சி. 'அம்மாக்கு அழ எனக்கு ஒரு நாள் தரேல்லையே அண்ணா' எண்டு மட்டும் கேட்டான். அதோட பேச்சு நிண்டுது. இப்ப குடும்பத்தோட சிட்னியிலதான் இருக்கிறான். ஃபோன் எடுத்தா தூக்குவான். என்ர மூச்சைக் கேப்பான். வைச்சிடுவான்."

"நீங்கள் எத்தினை பேரைச் சேத்து வைச்சனீங்கள். தம்பியைப் போய் வானில ஏத்தக் கூடாதோ?"

"சண்டையில ஒரு கட்சிக்காரன் கப்பல் ஓட்டேலாது. அதுக்கு மூண்டாவது ஆள் வேணும்."

இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர். "அப்ப நான் ஓட்டுறன்" என்றார்.

அப்படித்தான் சிட்னிக்குப் போனோம். கணவர் ஓட்ட, நானும் மச்சாளும் நடுவில், அண்ணை பின் ஆசனத்தில். தன் வானில் அவர் பின்னுக்கு இருந்தது அன்றுதான். "எங்களைச் சுத்தினமாதிரி உங்களையும் கோயிலைச் சுத்தவோ அண்ணை?" என்று மச்சாள் பகிடி விட்டா. வழக்கமாக உடனே திருப்பிக் கொடுப்பவர், சும்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே புல்வெளியைப் பார்த்துக்கொண்டு வந்தார். புது வேட்டியை மடிப்புக் கலையாமல் ஒரு பையில் கொண்டுவந்து, சிட்னிக்குக் கிட்டவாக ஒரு பெற்றோல் செட்டில் இறங்கி உடுத்துக்கொண்டார்.

வென்ற்வேர்த்வில்லில் ஒரு செங்கல் வீடு. கதவைத் திறந்தது தம்பிதான். அண்ணையின் முகமேதான், தலைமயிர் மட்டும் கறுப்பு. எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். கதவை அடித்துச் சாத்துவார் என்று பயந்து நான் பிள்ளையாரை நினைத்தேன். சாத்தவில்லை. "வாங்கோ" என்றார், எங்களுக்கு மட்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து கதிரைகளைத் தூக்கிவந்து போட்டார். எனக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, மச்சாளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

அண்ணை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

மச்சாள் சும்மா இருக்கிற ஆளில்லை. "தம்பி, ஒரு கதிரை குறையுது" என்றா.

"அவருக்கு இந்த வீட்டில கதிரை இல்லை அக்கா."

எத்தனை மண்டபங்களில், எத்தனை பேருக்கு இழுத்துப் போட்ட மனிதர்! அண்ணை உள்ளே வந்தார். புது வேட்டியோடு, எங்கள் கால்மாட்டில், நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்.

"நிலம் இருக்குத்தானே தம்பி" என்றார்.

தம்பி தன் கதிரையில் பாதி இருந்தவர், நெருப்பில் தொட்டது போல எழும்பிவிட்டார். தமையன் நிலத்தில் இருக்கத் தம்பி கதிரையில் இருக்கிற வழக்கம் எங்களில் இல்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் உடம்பு விடாது. நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா, ஆறிப்போனது. கணவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். நான் மனதுக்குள் தேவாரம் சொல்லத் தொடங்கினேன். அது முடிகிறபோது தம்பியின் முதுகு மெல்லச் சுவரோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. நிலத்தில் இருந்தார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் இருந்தார். இரண்டு பேரும் ஒரே நிலத்தில்.

பிறகு அண்ணை எழும்பி, "போட்டு வாறன் தம்பி" என்றார். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. வந்துவிட்டோம்.

அடுத்த மாரிகாலத்தில், பாண் போடுகிற ஒரு கடை வாசலில், வானுக்குள்ளேயே அவர் உயிர் போய்விட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து நித்திரை போல இருந்தாராம். பின்னால் தட்டுகளில் பாண் இன்னும் சூடாக இருந்ததாம்.

சிட்னி இலக்கத்துக்கு நான்தான் ஃபோன் எடுத்தேன். சொன்னேன். எந்த நாள், எந்த இடம் என்றும் சொன்னேன். மூச்சுச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார். செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு மண்டபம் போதவில்லை. அவர் வானில் ஏறி இறங்கினவர்கள் எல்லோரும் நின்றார்கள். முன்வரிசையில் ஒரு கதிரை கூடப் போடச் சொன்னேன். கடைசிவரை அதில் ஒருவரும் இருக்கவில்லை. இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தான். அதை என் கணவர் அழுத்தினார்.

மாதங்கள் போன பிறகு, ஒரு பின்னேரம் வாசல் மணி அடித்தது. தம்பி. தனியாக வந்திருந்தார். வீட்டில் நான் மட்டும்தான் நின்றேன்.

"அவர் இருந்த அறையைப் பாக்கலாமோ அக்கா?"

கூட்டிப்போனேன். நாங்கள் ஒன்றும் மாற்றவில்லை. கட்டில், முருகன், ஒற்றைக் கதிரை. கதிரையைத் துடைத்து இழுத்துப் போட்டேன். "இருங்கோ தம்பி."

அவர் அதைப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அம்மாக்கும் கொள்ளி வைக்கேல்லை" என்றார். "அண்ணாக்கும் வைக்கேல்லை. அதை அவர் தடுத்தவர். இதை நான்தான்."

நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். அவர் கேட்டார்.

"அண்டைக்குத் திரும்பிப் போகேக்க அண்ணா என்ன சொன்னவர்?"

"வழி முழுக்க ஒரே கதைதான் தம்பி. 'கண்டனீங்களோ தங்கச்சி, நிலத்தில இருந்தவன், கண்டனீங்களோ' எண்டு. அல்பரியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினனாங்கள். அந்தக் கடையில நிண்ட வெள்ளைக்காரப் பெட்டையிட்டையும் சொன்னவர்."

"பெட்டையிட்டையோ?"

"ஓம். 'மை பிரதர் சாட் டவுன்' எண்டார். அதுக்கு ஒண்டும் விளங்கேல்லை. 'கொங்கிராஜுலேஷன்ஸ்' எண்டு சொல்லிச்சுது."

அவர் சிரித்தார். அச்சாக அண்ணையின் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கிப் பக்கத்தில் கிடந்த கதிரையின் காலைப் பிடித்தார். பிடித்த கை பிறகு விடவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது.

நான் எழும்பினேன். "தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, அவரையும் கதிரையையும் அங்கேயே விட்டு வெளியே வந்தேன்.